சிங்கப்பூர் – டோக்கியோ: தொலைவையும் பறக்கும் நேரத்தையும் நீங்களே கணக்கிட முழுமையான வழிகாட்டி

ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் இரவு 11:55க்குக் கிளம்பி, டோக்கியோவில் மறுநாள் காலை 8:00க்கு இறங்குகிறீர்கள். திரும்பும்போது டோக்கியோவில் காலை 11:00க்குக் கிளம்பி, சிங்கப்பூரில் மாலை 5:25க்கு இறங்குகிறீர்கள். அச்சிட்ட நேரங்களை அப்படியே கழித்தால் போக 8 மணி 5 நிமிடம், வர 6 மணி 25 நிமிடம். "வரும்போது சீக்கிரம் வந்துவிடலாம்" என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் இரண்டு எண்ணும் தவறு. உண்மையில் வரும் பயணம்தான் நீளமானது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், வரிசை மாறுவதிலிருந்து. தொலைவு, பறக்கும் நேரம், டிக்கெட்டில் போடும் நேரம், கடிகார நேரம் ஆகிய நான்கும் வேறு வேறு. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சிக்கலே இல்லை. சிங்கப்பூர்–டோக்கியோவை வைத்து முழுக்கணக்கையும் கீழே போட்டிருக்கிறேன். வேறு எந்த இரண்டு ஆசிய நகரங்களுக்கும் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: சைன், கொசைன் உள்ள ஒரு கால்குலேட்டர் (கைபேசியில் இருப்பதே போதும்), இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, இரண்டு ஊர்களின் நேர மண்டலம், எந்த வகை விமானம் என்ற விவரம். கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு இவற்றைத் தேடப் போனால், தவறான எண்ணை எடுத்துப் போட்டுவிடுவோம். முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஊரை அல்ல, விமான நிலையத்தை முடிவு செய்யுங்கள்

"டோக்கியோ" என்பது ஒரு புள்ளி அல்ல. அங்கே இரண்டு பெரிய பன்னாட்டு விமான நிலையங்கள் உள்ளன. நரிதா, நகர மையத்திலிருந்து கிழக்கே சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஹனேடா, விரிகுடா ஓரத்தில் மையத்திலிருந்து சுமார் 15 கி.மீ.யிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் இந்தக் குழப்பம் இல்லை, சாங்கிதான்.

வானத்தில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாங்கியிலிருந்து நரிதா சுமார் 5,360 கி.மீ., ஹனேடா சுமார் 5,300 கி.மீ. விமானத்துக்கு அது நான்கு நிமிட வேலை. தரையில்தான் வித்தியாசம் பெரிது. அதை 9ஆம் படியில் சேர்ப்போம்.

இந்த முடிவை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் "சிங்கப்பூர்–டோக்கியோ தொலைவு" என்று தேடினால் சில கருவிகள் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளக்கும், சில விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளக்கும். இரண்டு இடத்தில் இரண்டு எண்ணைப் பார்த்துவிட்டு எது சரி என்று திண்டாடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டுமே சரிதான், அளக்கும் புள்ளிதான் வேறு.

2. அட்சரேகை, தீர்க்கரேகையைச் சரியான வடிவில் எழுதுங்கள்

சாங்கி: வடக்கு 1.36°, கிழக்கு 103.99°.
நரிதா: வடக்கு 35.76°, கிழக்கு 140.39°.

இந்தச் சின்னப் படியில்தான் பாதிப்பேர் வழுக்குகிறார்கள். மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, பாகையும் கலையும். நரிதாவின் அட்சரேகை சில இடங்களில் 35° 46′ என்று இருக்கும். அதை 35.46 என்று எழுதக்கூடாது. ஒரு பாகைக்கு 60 கலை. எனவே 46ஐ 60ஆல் வகுத்தால் 0.77, கிட்டத்தட்ட 35.76தான் வரும். இதைக் கவனிக்காவிட்டால் விமான நிலையம் 33 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும்.

இரண்டாவது, வடக்கு–தெற்கு. நம் இரண்டு ஊரும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால் இங்கே தப்பித்தோம். ஜகார்த்தா போன்ற ஊர் என்றால் அது தெற்கே 6° என்பதால் கழித்தல் குறியோடு −6 என்று போட வேண்டும். குறியை விட்டால் ஜகார்த்தா மலேசியாவின் வடமுனை உயரத்துக்குப் போய்விடும்.

மூன்றாவது, இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போடுவது. அட்சரேகை 90ஐத் தாண்டவே தாண்டாது. 103, 140 போன்ற எண் அட்சரேகையின் இடத்தில் இருந்தால் மாறிவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

3. பெருவட்டத் தொலைவைக் கணக்கிடுங்கள்

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். வீட்டில் பூமி உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சிங்கப்பூரில் ஒரு விரலால் அழுத்துங்கள். மறுமுனையை டோக்கியோவில் வைத்து மெல்ல இழுங்கள். தொய்வாக இருந்த நூல் தானே நகர்ந்து ஓர் இடத்தில் இறுகி நிற்கும். தென்சீனக் கடலைக் குறுக்கே கடந்து, தைவானுக்கும் பிலிப்பைன்ஸின் லூசோனுக்கும் நடுவே புகுந்து, ஒகினாவாவை உரசிக்கொண்டு, ஜப்பானின் பசிபிக் கரையோரமாகப் போய்ச் சேரும். அதுதான் பாதை. கணக்கு போடும் முன் இதை ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்கு அப்புறம் வருகிற சூத்திரம் பயமாக இருப்பதில்லை.

சூத்திரம் இது. 'அ' என்பது அட்சரேகை, 'தீ' என்பது தீர்க்கரேகை.

கொசைன்(கோணம்) = சைன்(அ1) × சைன்(அ2) + கொசைன்(அ1) × கொசைன்(அ2) × கொசைன்(தீ2 − தீ1)

நம் எண்களைப் போடுவோம். தீர்க்கரேகை வித்தியாசம் 140.39 − 103.99 = 36.40°.

முதல் பகுதி: சைன்(1.36) × சைன்(35.76) = 0.0139.
இரண்டாம் பகுதி: கொசைன்(1.36) × கொசைன்(35.76) × கொசைன்(36.40) = 0.6529.
கூட்டினால் 0.6668. இதற்கு நேர்மாறு கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் 48.18°.

பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள கோணம்தான் இந்த 48.18°. பூமியைச் சுற்றி 360 பாகை, சுற்றளவு சுமார் 40,030 கி.மீ. ஆகவே ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. 48.18ஐ 111.2ஆல் பெருக்கினால் சுமார் 5,357 கி.மீ.

பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் இந்த விடையில் அரை சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். பயணக் கணக்குக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

இங்கே வருகிற பெரிய தவறு ரேடியன், அதாவது கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு. சில கால்குலேட்டர்களிலும், குறிப்பாக எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளிலும், சைன், கொசைன் ஆகியவை ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். பாகையை அப்படியே கொடுத்தால் சத்தமில்லாமல் ஒரு தவறான விடை வரும். நம் எண்களையே மாற்றாமல் ரேடியனாகக் கொடுத்துப் பார்த்தேன், 17,660 கி.மீ. என்று வந்தது! எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது, எண் மட்டும் கம்பீரமாக நிற்கும். பாகையை 57.2958ஆல் வகுத்தால் ரேடியன். இல்லாவிட்டால் கால்குலேட்டரைப் பாகைக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

விடை வந்ததும் ஒரு சோதனை: பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சுமார் 20,000 கி.மீ.க்கு மேல் தொலைவு இருக்க முடியாது. ஆசியாவுக்குள் 10,000ஐத் தாண்டினாலே ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

4. சுவர் வரைபடத்தில் அளவுகோல் வைக்காதீர்கள்

தட்டையான வரைபடத்தில் கோடு போட்டு அளப்பவர்களிடம் நான் ஒரே ஒரு ஜோடியைக் காட்டுவேன். ஆசியாவின் மேற்கு ஓரமான இஸ்தான்புல்லும் கிழக்கு ஓரமான டோக்கியோவும். வழக்கமான சுவர் வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் சுமார் 9,700 கி.மீ. பெருவட்டப் பாதையோ சுமார் 9,000 கி.மீ.தான். அது வடக்கே வளைந்து ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரத்துப் பக்கம் வரை ஏறி இறங்கும். வரைபடத்தில் சுற்றுவழி போலத் தெரிவதுதான் உண்மையில் குறுக்குவழி.

சிங்கப்பூர்–டோக்கியோவுக்கு இந்த வித்தியாசம் வெறும் 10 கி.மீ.தான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதும், பயணம் பாதிக்கு மேல் தெற்கு–வடக்காகப் போவதும் காரணம். கிழக்கு–மேற்காக, அதுவும் வடக்கே தள்ளிப் போகும் ஜோடிகளில்தான் வரைபடம் அதிகமாக ஏமாற்றும்.

5. அலகை ஒரே இடத்தில் முடிவு செய்யுங்கள்

நம் தொலைவு 5,357 கி.மீ. அதையே மைலில் சொன்னால் 3,329. கடல் மைலில் சொன்னால் சுமார் 2,890. மூன்றும் ஒரே தொலைவு. விமானிகளும் வான்வழி வரைபடங்களும் கடல் மைலில் பேசுவார்கள், பல இணையக் கருவிகள் சாதாரண மைலில் காட்டும், நாம் கி.மீ.யில் யோசிப்போம்.

ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., ஒரு மைல் 1.609 கி.மீ. கடல் மைலில் ஒரு வசதி உண்டு: கோணத்தில் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். 48.18 பாகையை 60ஆல் பெருக்கினால் நேரடியாக 2,890 வந்துவிடும். 3ஆம் படியின் விடையைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற வேக அலகைக் கடல் மைலோடு மட்டும் சேர்க்க வேண்டும். மைலை நாட்டால் வகுத்து நேரம் சொன்னால் 15 சதவீதம் பிசகும், ஏழு மணி நேரப் பயணத்தில் அது ஒரு மணி நேரம்.

6. பறக்கும் நேரம்: ஒரே வகுத்தலில் முடிக்காதீர்கள்

இதுவரை தரையில் வரைந்த கோடு. இனிதான் விமானம் வருகிறது. இந்தப் படியை நான்கு சின்னத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து "மணிக்கு 800 கி.மீ. என்று வை" என்று சொல்வாரும் உண்டு. விடை ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் எங்கே பிசகியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

முதல் துண்டு, உண்மையான பாதை. விமானம் நூல் பிடித்தாற்போல் பெருவட்டத்தில் போவதில்லை. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் எழும்பித் திரும்ப வேண்டும், வகுத்த வான்வழிகளைப் பிடித்துப் போக வேண்டும், புயல் மேகத்தைச் சுற்ற வேண்டும், இறங்குமிடத்தில் வரிசையில் சேர வேண்டும். இதற்காக நான் 4 சதவீதம் சேர்ப்பது வழக்கம். 5,357உடன் 4 சதவீதம் சேர்த்தால் சுமார் 5,570 கி.மீ.

இரண்டாம் துண்டு, விமானத்தின் வேகம். உயரே, சுமார் 11 கி.மீ. மேலே, வெப்பநிலை −56 டிகிரி அளவில் இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,062 கி.மீ. ஏர்பஸ் ஏ350, போயிங் 787 போன்ற அகலமான விமானங்கள் அதில் 0.85 பங்கு வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 900 கி.மீ.யில் போகும். ஏ320, 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் 0.78 பங்கு, சுமார் 830 கி.மீ. இதனால்தான் விமான வகையை முதலிலேயே எழுதி வைக்கச் சொன்னேன். இந்தத் தொலைவுக்கு இந்த ஒரு விஷயத்திலேயே அரை மணி நேரம் மாறும்.

5,570ஐ 900ஆல் வகுத்தால் 6.19 மணி. இதை 6 மணி 19 நிமிடம் என்று படிக்காதீர்கள்! 0.19ஐ 60ஆல் பெருக்க வேண்டும், 11 நிமிடம். ஆக 6 மணி 11 நிமிடம். இந்தச் சின்னப் பிசகைச் செய்யாத புதியவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் துண்டு, ஏறுவதும் இறங்குவதும். எழும்பும்போதும் இறங்கும்போதும் விமானம் 900இல் போகாது. அந்த மெதுவுக்கு 20 நிமிடம் சேருங்கள். 6 மணி 31 நிமிடம். இந்த 20 நிமிடம் தொலைவைப் பொறுத்து மாறாது என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூர்–கோலாலம்பூர் வெறும் 300 கி.மீ. அதை 900ஆல் வகுத்தால் 20 நிமிடம் வரும். ஆனால் அந்தப் பயணத்துக்கு டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். குறுகிய பயணங்களில் இந்த நிலையான பகுதிதான் பயணத்தின் பெரும்பகுதி.

நான்காம் துண்டு, காற்று. அதற்குத் தனியாகவே ஒரு படி வேண்டும்.

7. காற்றைச் சேருங்கள்: போகவும் வரவும் தனித்தனியாக

ஜப்பானின் மேல், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, அது உலகிலேயே வேகமான இடங்களில் ஒன்று. மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும் நாட்களும் உண்டு. கோடையில் அது பலவீனமாகி வடக்கே நகர்ந்துவிடும். தெற்கே, சிங்கப்பூர்ப் பக்கம், இப்படிப்பட்ட ஒரு வேகமான மேல்காற்று இல்லை. அதனால் பயணத்தின் வடபகுதிக்கு மட்டும் காற்றுக் கணக்கு போட்டால் போதும்.

ஒரு குளிர்கால நாளை எடுப்போம். கடைசி 2,000 கி.மீ.யில் மேற்கிலிருந்து 200 கி.மீ. வேகத்தில் காற்று. விமானம் நேர் கிழக்கே போகவில்லை, வடகிழக்காகச் சாய்ந்து போகிறது. எனவே அந்த 200இல் ஏறக்குறைய 150தான் முதுகில் தள்ளும், மீதி பக்கவாட்டில் போகும்.

காற்றில்லாமல்: 2,000 ÷ 900 = 2 மணி 13 நிமிடம்.
டோக்கியோ போகும்போது: 2,000 ÷ 1,050 = 1 மணி 54 நிமிடம். 19 நிமிட லாபம்.
சிங்கப்பூர் திரும்பும்போது: 2,000 ÷ 750 = 2 மணி 40 நிமிடம். 27 நிமிட நஷ்டம்.

அதே காற்று கொடுத்தது 19, பிடுங்கியது 27. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் இருக்கும் நேரமே கூடிவிடுகிறது. ஆகவே "போக வர சராசரி எடுத்தால் காற்று ரத்தாகிவிடும்" என்று எண்ணாதீர்கள். ஒருபோதும் முழுக்க ரத்தாகாது.

இப்போது பறக்கும் நேரம்: போக 6 மணி 12 நிமிடம், வர 6 மணி 58 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இரண்டும் 6 மணி 31 நிமிடம். கோடையில் இரண்டுக்குமான இடைவெளி சுருங்கும்.

நேரம் குறைவது பூமி சுழல்வதால் என்று நினைப்பவர்களும் உண்டு. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. எனவே வித்தியாசம் செய்வது காற்று மட்டுமே.

8. டிக்கெட் நேரத்துக்கு மாற்றி, கடைசியாகக் கடிகாரத்தைத் தொடுங்கள்

டிக்கெட்டில் இருக்கும் புறப்பாடு, விமானம் வாயிலை விட்டு நகரும் நேரம். வருகை, மறுமுனையில் வாயிலில் வந்து நிற்கும் நேரம். இந்த முழு இடைவெளிக்கு விமானத் துறையில் பிளாக் டைம் என்று பெயர். ஓடுபாதைக்கு உருண்டு போவதும், இறங்கியபின் வாயிலுக்கு உருண்டு வருவதும் இதில் சேரும். இரண்டுக்கும் சேர்த்து 25 நிமிடம் வைத்தால்: போக 6 மணி 37 நிமிடம், வர 7 மணி 23 நிமிடம்.

இந்த எண்ணுக்கு மேல் விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்தே அட்டவணை போடும், தாமதத்தை விழுங்கிக்கொள்வதற்காக. விமானம் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு வந்து சேர்வது இதனால்தான். விமானி "பறக்கும் நேரம் 6 மணி 15 நிமிடம்" என்று அறிவிக்கும்போது டிக்கெட்டில் 7 மணி இருந்தால் முரண்பாடு இல்லை. அவர் சொல்வது சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை.

சரி, இப்போது கடிகாரம். உலக நாடுகள் தம் கடிகாரத்தை ஒப்பிடும் பொது நேரத்துக்கு யு.டி.சி. என்று பெயர். சிங்கப்பூர் யு.டி.சி. +8, ஜப்பான் யு.டி.சி. +9. டோக்கியோ எப்போதும் ஒரு மணி நேரம் முன்னே. இரண்டு நாட்டிலும் கோடைகால நேரமாற்றம் இல்லை. எனவே இந்த வித்தியாசம் ஆண்டு முழுவதும் மாறாது.

முதலில் காட்டிய டிக்கெட்டுக்குத் திரும்புவோம். இரண்டு நேரத்தையும் யு.டி.சி.க்கு மாற்றி அப்புறம் கழியுங்கள். மனக்கணக்கில் கூட்டலா கழித்தலா என்று யோசிக்கும்போதுதான் தவறு நேர்கிறது. யு.டி.சி.க்கு மாற்றிவிட்டால் அந்த யோசனையே தேவையில்லை.

போக: சிங்கப்பூர் இரவு 11:55, அதாவது யு.டி.சி. 15:55. டோக்கியோ காலை 8:00, அதாவது யு.டி.சி. முந்தின நாள் 23:00. வித்தியாசம் 7 மணி 5 நிமிடம்.

வர: டோக்கியோ காலை 11:00, அதாவது யு.டி.சி. 2:00. சிங்கப்பூர் மாலை 5:25, அதாவது யு.டி.சி. 9:25. வித்தியாசம் 7 மணி 25 நிமிடம்.

வருவது 20 நிமிடம் அதிகம். காற்றுக் கணக்கு சொன்னதும் இதே திசைதான். உங்கள் கணக்குக்கும் டிக்கெட்டுக்கும் அரை மணிக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலில் நேர மண்டலத்தைப் பாருங்கள், அடுத்து விமான வகையை, அப்புறம் நடுவில் நிறுத்தம் இருக்கிறதா என்பதை. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் விடை இருக்கும்.

தேதியையும் இங்கேயே எழுதிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இரவு 11:55 விமானத்தில் 10ஆம் தேதி கிளம்பி, விடுதி அறையையும் 10ஆம் தேதிக்கே போட்டுவிட்டார். அவர் போய் இறங்கியது 11ஆம் தேதி காலை. ஓர் இரவு வாடகை வீண். அந்தக் காலையில் பெட்டியை வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்ததுதான் அவருக்கு அதைவிட வலித்தது. நள்ளிரவுக்கு 5 நிமிடம் பின்னால், 12:05க்குக் கிளம்பும் விமானத்தில் தலைகீழான ஆபத்து. 11ஆம் தேதி 12:05 என்றால் நீங்கள் 10ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

9. வாசலிலிருந்து வாசல் வரை கூட்டுங்கள்

பயணத் திட்டத்துக்கு உண்மையில் தேவைப்படும் எண் இதுதான், ஆனால் பலரும் இதற்கு வருவதே இல்லை. சிங்கப்பூர் வீட்டிலிருந்து சாங்கிக்கு 45 நிமிடம், பன்னாட்டுப் பயணம் என்பதால் புறப்பாட்டுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் முன்பு, விமானம் 7 மணி, இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் சேர்த்து ஒரு மணி, அப்புறம் நகரத்துக்குப் போகும் ரயில்.

நரிதாவிலிருந்து நரிதா எக்ஸ்பிரஸ் டோக்கியோ நிலையத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம். கெய்செய் ஸ்கைலைனர் உவேனோ பக்கம் 40 நிமிடத்தில் கொண்டு விடும். ஹனேடாவிலிருந்து மோனோரயிலில் ஹமாமட்சுச்சோ 20 நிமிடத்துக்குள். மொத்தத்தில் 12 முதல் 13 மணி நேரம். ஏழு மணி நேரப் பயணம் என்று நினைத்து இறங்கிய மூன்றாம் மணியில் ஒரு சந்திப்பை வைத்துக்கொள்ளும் முன் இதைக் கூட்டிப் பாருங்கள்.

ஒரு விஷயம் கூடுதலாக. ஹனேடா 24 மணி நேரமும் இயங்கும். நரிதா நள்ளிரவுக்குப் பின் காலை 6 மணி வரை மூடியிருக்கும். ஹனேடாவில் நடு இரவில் இறங்கினால் ரயில்கள் ஓடாத நேரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானம் சீக்கிரம் வந்தும் நகரத்துக்குள் போக முதல் ரயில் வரை காத்திருக்க நேரும், இல்லையேல் டாக்ஸி.

10. நடுவில் நின்று போகும் விமானம் என்றால்

டைரக்ட் என்று போட்டிருந்தால் நிற்காது என்று அர்த்தம் அல்ல. ஒரே விமான எண்ணில் நடுவே ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும் அது டைரக்ட்தான். நிற்காமல் போவது நான்ஸ்டாப். முன்பதிவின்போது இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

நிறுத்தம் இருந்தால் 3ஆம் படியை இரண்டு முறை செய்து கூட்டுங்கள். தைபே வழியாகப் போனால் மொத்தம் சுமார் 5,400 கி.மீ., கிட்டத்தட்ட நேர்ப்பாதைதான், ஏனென்றால் நூல் அந்த வழியாகத்தான் போகிறது. பாங்காக் வழியாகப் போனால் சுமார் 6,050 கி.மீ. கூடுதல் 700 கி.மீ.க்கு முக்கால் மணி. ஆனால் தொலைவைவிடப் பெரிய செலவு வேறு. ஏறி இறங்கும் 20 நிமிடமும் உருளும் 25 நிமிடமும் இரண்டாம் முறை சேரும். காத்திருக்கும் நேரம் தனி. தைபே நேர்வழியிலேயே இருந்தாலும் பயணம் பத்து மணியைத் தாண்டுவது இதனால்தான்.

11. வேறு ஜோடிக்கு மாற்றும்போது எதையெல்லாம் மாற்ற வேண்டும்

நேர மண்டலம் முதலில். ஆசியாவில் முழு மணி மட்டும் வரும் என்று எண்ணாதீர்கள். இந்தியாவும் இலங்கையும் +5:30, மியான்மர் +6:30, ஆப்கானிஸ்தான் +4:30, ஈரான் +3:30, நேபாளம் +5:45. சென்னையில் இரவு 11:15க்குக் கிளம்பி சிங்கப்பூரில் காலை 6:00க்கு இறங்கினால் கழித்தலில் 6 மணி 45 நிமிடம் வரும். அதில் 2 மணி 30 நிமிட வித்தியாசத்தை எடுத்தால் 4 மணி 15 நிமிடம். தொலைவு சுமார் 2,900 கி.மீ. என்பதால் அது பொருந்துகிறது. முழு மணியாக 2 அல்லது 3 என்று எடுத்தவர்களுக்கு அரை மணி பிசகும்.

சீனாவில் நாடு முழுவதும் ஒரே நேரம். பெய்ஜிங்கிலிருந்து மேற்கே சுமார் 2,400 கி.மீ. தள்ளியிருக்கும் உரும்சிக்குப் பறந்தாலும் அதிகாரப்பூர்வக் கடிகாரம் மாறாது. லெபனானிலும் இஸ்ரேலிலும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அங்கே பயணத் தேதிக்குரிய வித்தியாசத்தைத்தான் எடுக்க வேண்டும், இன்றைய வித்தியாசத்தை அல்ல.

அடுத்தது 4 சதவீதம். அமைதியான வான்வெளிக்குத்தான் அது சரி. தில்லியிலிருந்து தாஷ்கண்டுக்குப் பெருவட்டத் தொலைவு சுமார் 1,600 கி.மீ.தான், ஆனால் நூல் பாகிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் மேலாகப் போகிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், அந்தத் தொலைவை வைத்துப் போட்ட நேரக்கணக்கு இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்குப் பொருந்தாமல் போயிற்று. எனவே புதிய ஜோடி என்றால் பூமி உருண்டையில் நூலை இறுக்கி, அது எந்தெந்த நாட்டுக்கு மேலே போகிறது என்று முதலில் எழுதுங்கள். அதில் மூடிய வான்வெளி இருந்தால் அதைச் சுற்றும் ஒரு புள்ளியை நடுவே வைத்து, 10ஆம் படியில் செய்ததுபோல் இரண்டு துண்டாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். நடுவில் இறங்காததால் ஏறி இறங்கும் 20 நிமிடத்தையும் உருளும் 25 நிமிடத்தையும் ஒரே முறை சேருங்கள்.